மாவடு ஜாடியும் செம்பனையும்

அன்புள்ள ஐயா,

பாமாயில் தரும் எண்ணெய்ப்பனையை நடக் காட்டை அழிப்பதையும் இந்தோனேசியப் புகைமூட்டத்தையும் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். ஒரு சந்தேகம். காட்டை அழித்தாலும் அங்கே நடுவது மரம்தானே? எண்ணெய்ப்பனையும் பச்சையாகத்தானே நிற்கிறது? அப்புறம், நாங்கள் வாங்குவது ரேஷன் பாமாயில். நிறுத்திவிடட்டுமா?

ஒரு வாசகி, மதுரை

அன்புள்ள அம்மா,

மரத்தை விடுங்கள், அதன் காலடியைப் பாருங்கள். கலிமந்தானிலும் (போர்னியோ தீவின் இந்தோனேசியப் பகுதி) சுமத்ராத் தீவிலும் தாழ்நிலக் காடுகள் பலவற்றுக்கு அடியில் இருப்பது கரிச்சேறு. பீட் என்பார்கள். ஆயிரக்கணக்கான வருடங்களாக விழுந்த இலையும் வேரும் கட்டையும் மக்காமல் தண்ணீரில் ஊறிக் கிடக்கின்றன, சில இடங்களில் பத்து மீட்டர் ஆழத்துக்கு. ஏன் மக்கவில்லை? உங்கள் மாவடு ஜாடியை நினைத்துக்கொள்ளுங்கள். உப்புத்தண்ணீரில் முங்கிக் கிடக்கும் வடு கெடாது. மேலே தலை நீட்டுகிற ஒன்றில் பூஞ்சை பிடித்துவிடும். காற்றுப் படுகிறதே, அதனால்.

செம்பனை (எண்ணெய்ப்பனையை மலேசியத் தமிழர் அப்படித்தான் சொல்கிறார்கள், பழக்குலையைப் பார்த்தால் ஏன் என்று புரியும்) தண்ணீர் தேங்கினால் சரியாகக் காய்க்காது. அதனால் முதல் வேலையாகக் கால்வாய் வெட்டி, நீர்மட்டத்தை அரை மீட்டருக்கும் கீழே இறக்குகிறார்கள். ஜாடியில் ஓட்டை விழுந்துவிட்டது. அன்றிலிருந்து சேறு மக்கிக் கரியமில வாயுவாகப் போய்க்கொண்டே இருக்கும். முதல் ஐந்து வருடத்தில் நிலம் ஒரு மீட்டருக்கு மேல் அமுங்கும். பிறகு வருடத்துக்கு ஐந்து சென்டிமீட்டர் போல. வயதான பனைகள் வேர் வெளியே தெரியச் சாய்ந்து நிற்பது இதனால்தான். மேலே உள்ள பச்சை இந்த நஷ்டத்துக்கு எந்த மூலைக்கு?

செம்பனையை மட்டும் திட்டவும் மனசு வரவில்லை. 1990களில் மத்தியக் கலிமந்தானில் அப்போதைய இந்தோனேசிய அதிபர் சுகார்த்தோவின் அரசு பத்து லட்சம் ஹெக்டேரில் நெல் போடக் கிளம்பி, 4,000 கிலோமீட்டருக்கு மேல் கால்வாய் வெட்டியது. நெல் உருப்படியாக விளையவில்லை. 1997 வறட்சியில் காய்ந்த சேறு பற்றிக்கொண்டது. நிலத்துக்கடியில் கனலும் தீ அது. நல்ல மழை பெய்தால்தான் அணையும். அந்த வருடம் இந்தோனேசியக் காடும் சேறும் எரிந்து காற்றில் கலந்த கரி (கார்பன்), உலகம் முழுக்க ஒரு வருடத்தில் நிலக்கரியும் பெட்ரோலியமும் எரித்து வந்ததில் 13 முதல் 40 சதவீதம் இருக்கும் என்று 2002இல் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள்.

சரி, பாமாயில். நிறுத்த வேண்டாம் என்பேன். அதே அளவு எண்ணெய்க்குச் சோயா பல மடங்கு நிலம் கேட்கும். எந்த நிலத்தில் நட்டார்கள் என்பதுதான் வழக்கு. ரேஷன் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாலும் அது தெரியாது. ஆனால் உலகிலேயே அதிகமாகப் பாமாயில் இறக்குமதி செய்வது இந்தியா. ரேஷனுக்கு எண்ணெய் வாங்க டெண்டர் விடுகிறவர்கள் எந்த நிலத்தில் விளைந்தது என்று கேட்டால் விற்கிறவர் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.