கார் கேள்வி – பதில்: சிட்டியா, சியாஸா?

கேள்வி: எங்கள் வீடு திருத்துறைப்பூண்டி பக்கம். அம்மாவுக்கு முழங்கால் வலி. மாதா மாதம் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகவேண்டும். அதற்காக செகண்ட் ஹேண்டில் கார் பார்க்கிறேன். கும்பகோணத்தில் ஒரு டீலரிடம் 2018 ஹோண்டா சிட்டி இருக்கிறது, 58,000 கி.மீ. ஓடியது, டி.என். 22 நம்பர். நாகப்பட்டினத்தில் தெரிந்தவர் ஒருவரிடம் 2019 மாருதி சியாஸ், 46,000 கி.மீ., டி.என். 51. இரண்டும் பெட்ரோல், கியர் வண்டி. விலையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். எதை நம்பி வாங்கலாம்?
– ஒரு வாசகர், திருத்துறைப்பூண்டி

பதில்: இன்ஜினை மட்டும் வைத்துக் கேட்டால், எதை வாங்கினாலும் நஷ்டமில்லை. சிட்டியில் 1,497 சி.சி., 119 குதிரைத்திறன். சியாஸில் 2018 ஆகஸ்ட்டில் வந்த 1,462 சி.சி. இன்ஜின், 105 குதிரைத்திறன். இரண்டிலும் வால்வுகளை இயக்க, குறிப்பிட்ட தூரத்தில் மாற்றவேண்டிய டைமிங் பெல்ட் கிடையாது, செயின்தான். ஆயிலை நேரத்துக்கு மாற்றியிருந்தால் லட்சம் கிலோமீட்டர் தாண்டியும் தொல்லை தராது. சிட்டியில் வால்வு கிளியரன்ஸை, அதாவது வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவே இருக்கவேண்டிய இடைவெளியை, அவ்வப்போது பார்த்து செட் பண்ணவேண்டும். நிறைய பேர் செய்வதில்லை. அதனால் வண்டி பார்க்கப் போகும்போது, நான் வருகிறவரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீர்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் உங்களுக்கு முன்னாலேயே ஓட்டி இன்ஜினைத் தயார் பண்ணியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்த இடைவெளி கூடியிருந்தால் வரும் டிக் டிக் சத்தம் ஆறிய இன்ஜினில்தான் தெளிவாகக் கேட்கும். சத்தம் இருந்தாலும் பயம் வேண்டாம், கை தேர்ந்த மெக்கானிக் சரிசெய்துவிடுவார்.

உங்கள் கடிதத்தில் என் கண் நின்ற இடம் வேறு. ஒரு வண்டி டி.என். 22, அதாவது சென்னை மீனம்பாக்கம். இன்னொன்று நாகப்பட்டினம். மன்னார்குடியில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறவன் என்கிற முறையில் அழுத்திச் சொல்கிறேன்: நம் பக்கத்துக்கு வரும் பழைய காரில் கம்பெனி பெயரைவிட, அது இத்தனை வருடம் எந்த ஊரில் நின்றது என்பதுதான் முக்கியம்.

முதலில் சிட்டி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது சென்னையில் கார்கள் தண்ணீரில் நின்றதை எல்லோரும் பார்த்தோம். அந்த வண்டி அப்போது எங்கே இருந்தது என்று டீலரிடம் நேராகக் கேளுங்கள். பதில் எதுவானாலும் நீங்களே சோதித்துவிடுங்கள். முன் சீட் பெல்ட்டைக் கடைசிவரை வெளியே இழுங்கள். சீட்டையும் தரையையும் கழுவித் துடைத்து சென்ட் அடித்திருப்பார்கள். உள்ளே சுருண்டு கிடக்கும் பெல்ட்டின் கடைசி முழத்தை யாரும் கழுவுவதில்லை. அங்கே சேற்று நிறத்தில் ஒரு கோடு தெரிந்தால் பேச்சை அத்தோடு நிறுத்திவிட்டுக் கிளம்புங்கள். பெல்ட் புதிதாக மாற்றப்பட்டிருந்தால், ஏன் என்று கேளுங்கள். பிறகு சீட்டைப் பின்னால் தள்ளி, ரெயிலைப் பிடித்திருக்கும் போல்ட்டில் துருவோ சேறோ இருக்கிறதா என்று பாருங்கள். டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கிவிட்டு, அந்தப் பள்ளத்தில் விரலை விட்டுத் தடவுங்கள். வண்டல் படிந்த இடம் எவ்வளவு துடைத்தாலும் மூலையில் கொஞ்சம் மிச்சம் வைத்திருக்கும்.

இன்னொன்று, பெட்ரோலை இன்ஜினுக்கு அனுப்பும் ஃப்யூவல் பம்ப். 2018-ல் தயாரான ஹோண்டா கார்கள் பலவற்றை, சிட்டியும் சேர்த்து, அதை மாற்றித்தர 2020 ஜூனில் கம்பெனியே திரும்ப அழைத்தது. பம்ப் பழுதானால் வண்டி ஓட்டத்திலேயே நின்றுவிடலாம். நீங்கள் பார்த்திருக்கும் வண்டியில் மாற்றியாகிவிட்டதா என்று சேசிஸ் நம்பரை வைத்து ஹோண்டா சர்வீஸ் சென்டரில் கேளுங்கள். மாற்றாமல் இருந்தால் இரண்டாவது உரிமையாளருக்கும் இலவசமாகவே மாற்றித் தருவார்கள்.

சியாஸுக்கு வருவோம். அதில் இருப்பது ஸ்மார்ட் ஹைபிரிட், அதாவது இன்ஜினுக்குக் கொஞ்சம் மின்சாரத் துணை. பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டருக்குப் பதிலாக, பெல்ட்டில் ஓடும் மோட்டார் ஜெனரேட்டர் ஒன்று இருக்கிறது. கூடவே லித்தியம் பேட்டரி. 2018 மே முதல் 2020 அக்டோபர் வரை தயாரான பெட்ரோல் சியாஸ், எர்டிகா, பிரெஸ்ஸா உள்ளிட்ட 1,81,754 வண்டிகளை, இந்த ஜெனரேட்டரைச் சோதிப்பதற்காக மாருதி 2021 செப்டம்பரில் திரும்ப அழைத்தது. சோதிக்கும்வரை தண்ணீர் தேங்கிய ரோட்டில் ஓட்டவேண்டாம் என்றும் சொன்னது. ஐப்பசி, கார்த்திகையில் நம் ரோடுகள் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. அதனால் அந்த வேலை முடிந்ததற்கான ரெக்கார்டைப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

அடுத்தது உப்புக் காற்று. நாகப்பட்டினத்தில் வீடு கடற்கரையை ஒட்டியா, உள்ளே தள்ளியா? வண்டி ஷெட்டில் நின்றதா, வாசலில் நின்றதா? லிஃப்ட் இருக்கிற ஒர்க்‌ஷாப்பில் தூக்கச் சொல்லி அடியில் பாருங்கள். சைலன்சரில் துரு இருப்பது பெரிய விஷயமில்லை. சக்கரத்தைத் தாங்கும் சஸ்பென்ஷன் ஆர்ம் பாடியோடு சேரும் இடத்திலும், பிரேக் பைப் கிளிப்களிலும், கதவின் கீழ் மடிப்பிலும் பாருங்கள். ஸ்க்ரூடிரைவர் முனையால் லேசாகக் குத்தும்போது துரு பொருக்குப் பொருக்காக உதிர்ந்தால், எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் அந்த வண்டி வேண்டாம்.

எந்த வண்டியானாலும் எலியை மறக்காதீர்கள். சம்பா அறுப்பு முடிந்து வயல் காலியானதும் எலிகள் பானெட்டுக்குள் குடியேறிவிடும். டேஷ்போர்டு பெட்டியைக் கழற்றி ஏ.சி. ஃபில்டரை உருவிப் பாருங்கள். நெல் உமியும் எலிப் புழுக்கையும் இருந்தால், வயரிங்கை எலக்ட்ரீஷியனிடம் முழுதாகக் காட்டியே ஆகவேண்டும். டேப் சுற்றி ஒட்டுப்போட்ட வயரிங் மழைக்காலத்தில் ஒவ்வொன்றாகக் கோளாறு காட்டும்.

இவை இரண்டும் சோதனையில் தேறினால், நீங்கள் சியாஸை எடுங்கள். ஓட்டுவதற்குச் சிட்டியின் இன்ஜின்தான் எனக்குப் பிடித்தது. ஆனால் இது உங்கள் அம்மாவுக்கான வண்டி. முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம் (வீல்பேஸ்) சியாஸில் 2,650 மி.மீ., சிட்டிக்கு 2,600. பின் சீட்டில் கால் நீட்ட இடம் தாராளம். இரண்டுமே தாழ்வான வண்டிகள் என்பதால், வாங்குவதற்கு முன்னால் ஒருமுறை அம்மாவை உட்கார்ந்து எழுந்து பார்க்கச் சொல்லுங்கள். மாருதி சர்வீஸும் நம் பக்கத்தில் கிட்டத்திலேயே கிடைக்கும். 2025-ல் சியாஸை நிறுத்திவிட்டார்களே என்று தயங்கவேண்டாம். அதே இன்ஜின் 2018 முதல் 2022 வரை வந்த எர்டிகாவிலும் உண்டு, பாகங்களுக்குப் பஞ்சமில்லை. சியாஸ் அடியில் துரு, சிட்டியில் சேறு என்று இரண்டும் தவறினால், அவசரப்படாமல் மூன்றாவது வண்டி பாருங்கள்.

கேள்வி: 2015 சியாஸ் டீசல் வருகிறது. பத்து வருடமான டீசல் காருக்குத் தடை என்கிறார்களே?
– ஒரு வாசகர், மயிலாடுதுறை

பதில்: அது டெல்லி வட்டாரத்துக்கான உத்தரவு. தமிழ்நாட்டில் அப்படித் தடை இல்லை. சொந்த உபயோகக் காருக்கு ஆர்.சி. பதினைந்து வருடம் செல்லும், உங்களுக்கு 2030 வரை. பிறகு எஃப்.சி. பார்த்துப் புதுப்பிக்கலாம். அதிலிருக்கும் 1.3 லிட்டர் டீசல் இன்ஜின் ஸ்விஃப்ட், டிசையரிலும் இருந்ததுதான். அதைப் பிரிக்கத் தெரியாத மெக்கானிக் இங்கே கிடையாது. தினமும் தூரம் ஓட்டுகிறவர் என்றால் டர்போவையும் கிளட்ச்சையும் காட்டிவிட்டு எடுங்கள். வாரத்துக்கு ஒருமுறை எடுக்கிற வண்டி என்றால் பெட்ரோலே போதும்.