மாமன் பணத்தில் டாக்டர் சீட்டு வேண்டாம், அக்கா

அண்ணா, அக்கா, சனிக்கிழமை சோமனூரிலிருந்து மகளையும் கூட்டிக்கொண்டு, அடுத்து என்ன படிக்க வைப்பது என்று என்னிடம் யோசனை கேட்க நீங்கள் வந்திருந்தீர்கள். பேசத் தொடங்கும் முன்பே அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. முதல் முறை நீட்டில் 312, நாமக்கல் பக்கம் விடுதியில் ஒரு வருடம் தங்கிப் படித்த பிறகு 388. அரசு இடத்துக்கு எட்டவில்லை. “ஊர் வாய்க்கு என்ன பதில் சொல்வது?” என்று கேட்டீர்கள். பிள்ளைக்கு இப்போதுதான் பத்தொன்பது வயது, வழி இருக்கிறது என்று ஆறுதல் சொல்லி அனுப்பினேன். அது போதாது என்று பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பும்போதே தோன்றியது. அதனால் நேராகச் சொல்லிவிடுகிறேன். மூன்றாவது முறை நீட் வேண்டாம். மாமன் கட்டுகிறேன் என்று சொல்லும் பணத்தில் தனியார் கல்லூரி இடமும் வேண்டாம்.

அன்று ஒன்றரை மணி நேரம் நாம் பேசினோம். உங்கள் மகள் அம்மணி பேசியது இரண்டே வாக்கியம். “சீக்கிரம் சம்பாதிக்க வேண்டும். யாரிடமும் கை நீட்டக் கூடாது.” நாம் பேசிய எதுவும் இந்த இரண்டு வாக்கியத்தின் பக்கம்கூட வரவில்லை. இன்னொரு வருடம் நீட்டுக்குப் படித்தால் கல்லூரிக்குள் நுழையும்போது இருபது. எம்.பி.பி.எஸ். நாலரை ஆண்டு, அதன்மேல் ஓர் ஆண்டு பயிற்சி மருத்துவர். இருபத்தைந்தரை ஆகிவிடுகிறது. இன்று எம்.பி.பி.எஸ்.ஸோடு நிற்பவர்கள் குறைவு. மேற்படிப்புக்கும் நுழைவுத் தேர்வு உண்டு. அதற்குத் தயாராகும் காலத்தையும் மூன்றாண்டுப் படிப்பையும் கூட்டினால் முப்பதைத் தொடுகிறாள். அதுவரை யார் கையை எதிர்பார்த்து இருப்பாள்?

மாமன் நல்லவர், ஐயமில்லை. அக்கா மகள் டாக்டர் ஆக வேண்டும் என்று ஆசைப்படுகிறார். அவர் சொல்லும் கணக்கையே எடுத்துக்கொள்வோம். நிர்வாக ஒதுக்கீட்டில் கட்டணம் ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கு மேல், விடுதி, சாப்பாடு எல்லாம் சேர்த்து மொத்தம் அறுபது லட்சம். பாதியை அவர் தருவார், மீதிக்கு உங்கள் ஒன்றரை ஏக்கர் தென்னந்தோப்பு. அறுபது லட்சத்தையும் கடன் என்று வைத்து ஆண்டுக்கு 10 சதவீதம் என்று பார்த்தாலே மாதம் 50,000 ரூபாய் வட்டி. தறிக்கூலி உயர்வுக்காக வாரக்கணக்கில் தறியை நிறுத்திவிட்டுக் காத்திருந்த குடும்பம் இது. அந்த வாரங்களில் சோறு போட்டது தோப்புதான் என்று நீங்களே சொன்னீர்கள், அண்ணா. அதை விற்கக் கூடாது. அக்காவின் நகையும் பெட்டியை விட்டு நகரக் கூடாது. இந்த விஷயத்தில் நான் இறங்கிவர மாட்டேன்.

மாமனுக்கு ஒரு மகன் இருக்கிறான் என்பதை எனக்குச் சொன்னது அக்காதான், அதுவும் போகிற போக்கில். முறை என்று ஒன்று இருக்கும் இடத்தில் முப்பது லட்சம் கை மாறினால், அதை யாரும் கடன் என்று எழுதி வைக்க மாட்டார்கள். கேட்கவும் மாட்டார்கள். ஆனால் இருபத்தாறு வயதில் அவள் ஒரு முடிவு எடுக்க நினைக்கும்போது, அந்தப் பணம் வந்து நடுவில் உட்கார்ந்துகொள்ளும். கை நீட்டக் கூடாது என்று சொன்ன பிள்ளையை இதைவிடப் பெரிய கை நீட்டலுக்குள் தள்ள வேண்டாம்.

வெளிநாட்டு மருத்துவப் படிப்பு பற்றிப் பெரியப்பா சொன்னாராம். 2021 விதிமுறைப்படி அங்கே 54 மாதப் படிப்பு, அதே கல்லூரியில் 12 மாதப் பயிற்சி, திரும்பி வந்து தகுதித் தேர்வு, பிறகு இங்கே இன்னும் 12 மாதப் பயிற்சி. இதற்குமேல் அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. பெங்களூரில் இருக்கும் அவளுடைய அண்ணன் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்கச் சொல்கிறான். அதில் சேர ஊரே வரிசையில் நிற்கிறது, சொல்லித்தரவும் ஆள் இருக்கிறது, நான் எதற்கு? இவளுக்கு அதில் ஆசை இருப்பதாகவும் எனக்குத் தெரியவில்லை.

ஆசை எதில் என்று தெரிந்தது, நீங்கள் குறையாகச் சொன்ன ஒரு கதையில்தான். தறிக்குடோனில் ஒரு நாள் மோட்டார் ஓடாமல் உறுமியது. அப்பா பெல்ட்டைப் பார்த்துக்கொண்டிருக்க, இவள் ஓடிப்போய் ஸ்டார்ட்டரை அணைத்துவிட்டு, “மூன்று ஃபேஸில் ஒன்று வரவில்லை, இன்னும் கொஞ்சம் விட்டால் காயில் எரிந்துவிடும்” என்றாளாம். ஸ்டார்ட்டரைத் திறந்து பார்த்தால் ஒரு முனை கருகியிருந்தது. “படிக்கிற நேரத்தில் இப்படிக் குடோனிலேயே கிடந்தாள், அதனால்தான் மார்க் போச்சு” என்றீர்கள். அக்கா, காயில் எரியும் முன்பே காதால் கண்டுபிடிக்கிற பிள்ளை அவள். பன்னிரண்டாம் வகுப்பில் முதல் குரூப், கணிதமும் உயிரியலும் இரண்டும் கையில் இருக்கின்றன. இதை வைத்துக்கொண்டு இந்த வீட்டில் எல்லோரும் வேறு எங்கேயோ தேடிக்கொண்டிருக்கிறோம்.

அடுத்த முறை கோயம்புத்தூரில் ஏதாவது பெரிய மருத்துவமனைக்குப் போனால், கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கிற கருவியின் ஓரத்தைப் பாருங்கள். சின்னதாக ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். எப்போது சரிபார்க்கப்பட்டது, அடுத்து எப்போது சரிபார்க்க வேண்டும் என்று இரண்டு தேதிகள், ஒரு கையெழுத்து. அந்தக் கையெழுத்துப் போடுகிறவர் டாக்டரும் அல்ல, நர்ஸும் அல்ல. மருத்துவமனைக் கருவிகளைச் சரிபார்த்துப் பராமரிக்கும் பயோமெடிக்கல் பிரிவைச் சேர்ந்தவர். அந்தப் பிரிவு பெரும்பாலும் கீழ்த்தளத்தில், நோயாளிகள் கண்ணில் படாத அறையில் இருக்கும். அதனால்தான் நம் ஊரில் இப்படி ஒரு வேலை இருப்பதே பலருக்குத் தெரிவதில்லை.

அந்த வேலையை அருகில் வைத்துச் சொல்கிறேன். இதயம் தாறுமாறாகத் துடிக்கும்போது மின்னதிர்ச்சி கொடுக்கும் கருவி இருக்கிறதே, அதில் 200 ஜூல் ஆற்றல் என்று வைத்தால் உண்மையிலேயே 200 ஜூல் வெளியே வருகிறதா? நோயாளிக்குப் பதில் ஓர் அளவுகருவியில் அதைச் செலுத்திப் பார்த்து எழுதி வைக்க வேண்டும். மருந்தைச் சிறிது சிறிதாக ஏற்றும் சிரிஞ்ச் பம்ப் மணிக்கு 5 மில்லி என்று காட்டினால் 5 மில்லிதான் இறங்குகிறதா என்று ஓட்டிப் பார்க்க வேண்டும். கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து. டயாலிசிஸ் கருவியில் நிமிடத்துக்கு 500 மில்லி கரைசல் ஓடினால், நாலு மணி நேரத்தில் ஒரு நோயாளிக்கு 120 லிட்டர். அந்தத் தண்ணீரின் சுத்தம், கரைசலின் உப்பளவு, சூடு மூன்றும் பிசகக் கூடாது. தறியில் சின்ன மின்கசிவு வந்தால் கையில் சுரீரென்று அடிக்கும், நமக்கே தெரிந்துவிடும். இதயத்துக்குள் குழாய் செலுத்தியிருக்கும் நோயாளிக்கு, நம் கைக்குத் தெரியவே தெரியாத அளவு கசிவுகூட உயிரைக் குடிக்கும். அதையும் அளந்து பார்ப்பது இவர்கள்தான். மோட்டாரின் உறுமலைக் கேட்ட அதே காது இங்கேயும் வேண்டும். உடலைப் பற்றிய படிப்பும் கூடவே வேண்டும். அவள் உயிரியல் படித்தது வீணாகவில்லை.

இந்த வேலைக்குத் தேவை ஏன் கூடுகிறது என்று அண்ணா கேட்பார். தரச்சான்று வாங்கும் மருத்துவமனைகள் கருவிப் பராமரிப்புக்கும் சரிபார்ப்புக்கும் பதிவேடு காட்டியாக வேண்டும். எக்ஸ்ரே, சி.டி. கருவிகளுக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் கண்காணிப்பு உண்டு. 2020 ஏப்ரல் முதல் மருத்துவக் கருவிகள் எல்லாமே மருந்துச் சட்டத்துக்குள் வந்துவிட்டன. நம் பக்கத்திலோ கோவையில் மட்டுமா மருத்துவமனை? ஈரோடு, திருப்பூர், கரூர், நாமக்கல் என்று எங்கே போனாலும் ஸ்கேன் மையமும் டயாலிசிஸ் பிரிவும் இருக்கின்றன. வேலை மருத்துவமனையிலும் கிடைக்கும், கருவி விற்கும் நிறுவனங்களின் சர்வீஸ் பிரிவிலும் கிடைக்கும், பராமரிப்பு ஒப்பந்தம் எடுத்துச் செய்யும் சிறிய நிறுவனங்களிலும் கிடைக்கும்.

போகும் வழி இரண்டு. ஒன்று, பன்னிரண்டாம் வகுப்பை வைத்துப் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர்வது. பயோமெடிக்கல் டிப்ளமோ கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் எலெக்ட்ரானிக்ஸ் அல்லது இன்ஸ்ட்ருமெண்டேஷன் எடுத்தாலும் சர்வீஸ் வேலைக்குள் நுழையலாம். இரண்டே ஆண்டு. அரசுப் பாலிடெக்னிக் என்றால் கட்டணம் சில ஆயிரங்களில் முடிந்துவிடும். இருபத்தொரு வயதில் அவள் கையில் சொந்தச் சம்பளம். பி.இ. படிக்க ஆசை இருந்தால் அங்கேயும் டிப்ளமோவை வைத்து நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். வேலையை விடாமல் படிக்க, கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரியான ஜி.சி.டி.யிலும் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியிலும் மாலை நேர பி.இ. நடக்கிறது. அதில் எந்தப் பிரிவுகள் உண்டு என்பதை மட்டும் அந்தந்த ஆண்டு பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது வழி, இப்போதே நாலாண்டு பி.இ. பயோமெடிக்கல். பி.எஸ்.ஜி.யில் இருக்கிறது, சத்தியமங்கலம் பண்ணாரி அம்மன் கல்லூரியிலும் இருக்கிறது. கடன் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், அரசின் கல்விக் கடன் உத்தரவாதத் திட்டத்தின் கீழ் ஏழரை லட்சம் வரை சொத்து அடமானம் இல்லாமல் வங்கிகள் தருகின்றன, அதைத் தாண்டக் கூடாது. அவள் கேட்டது சீக்கிரம் என்பதால் நான் முதல் வழியைத்தான் சொல்வேன்.

ஒன்றில் ஏமாந்துவிடாதீர்கள். பயோமெடிக்கல் வேறு, பயோடெக்னாலஜி வேறு. பெயர் ஒன்றுபோல இருப்பதால் பெற்றோர் மாற்றிச் சேர்த்துவிட்டு என்னிடம் வருவது ஆண்டுதோறும் நடக்கிறது. பயோடெக்னாலஜி ஆய்வகப் படிப்பு. அதில் நிலைக்க மேலே மேலே படித்தாக வேண்டும். கல்லூரி பார்க்கப் போனால் கட்டடத்தைப் பார்க்காமல் ஆய்வகத்தைத் திறந்துகாட்டச் சொல்லுங்கள். உள்ளே ஓடுகிற நிலையில் ஒரு வென்டிலேட்டராவது, ஒரு மானிட்டராவது இருக்க வேண்டும். எந்த மருத்துவமனைக்குப் பயிற்சிக்கு அனுப்புகிறார்கள் என்று பெயர் கேளுங்கள். ஆறு மாதத்தில் சான்றிதழ் தருகிறேன் என்று சொல்லும் இடத்தின் வாசலை மிதிக்க வேண்டாம்.

கஷ்டத்தையும் மறைக்காமல் சொல்கிறேன். தொடக்கச் சம்பளம் பெரிதாக இருக்காது. ஒரு டாக்டரின் வருமானத்தோடு பத்து ஆண்டு கழித்தும் ஒப்பிட முடியாது. சர்வீஸ் நிறுவனத்தில் சேர்ந்தால் ஊர் ஊராகப் போக வேண்டியிருக்கும், இரவில் போன் வரும். அக்காவுக்கு அந்தப் பயம் இருப்பது நியாயம். முதல் இரண்டு மூன்று ஆண்டு ஒரே மருத்துவமனையின் உள்பிரிவில் வேலை பார்க்கட்டும். எந்தக் கருவியில் கை நன்றாகப் பழகுகிறது என்று அவளுக்கே தெரிந்துவிடும். ஒரு வகைக் கருவியை ஆழமாகக் கற்றவர்களைத் தேடித்தான் நிறுவனங்கள் வரும்.

அரசு இடம் கிடைத்திருந்தால், அவளும் மனதார விரும்பியிருந்தால், நானே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து விட்டிருப்பேன். ஏழாம் வகுப்பில் தனியார் பள்ளிக்கு மாற்றியதால், ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடும் இவளுக்கு இல்லை. அதை நினைத்து இனி வருந்த வேண்டாம். டாக்டர் ஆக வேண்டுமா என்று நான் தனியாகக் கேட்டபோது, “நோயாளியைப் பார்த்துக்கொள்ள மனசு இருக்கிறது, ஆனால் எனக்கு அந்த மிஷினைத்தான் பார்க்கத் தோன்றுகிறது” என்றாள். இந்தப் பதிலை உங்கள் முன்னால் சொல்ல அவளுக்குத் துணிவு வரவில்லை. அதனால் அவளிடம் கேட்டுக்கொண்டு நான் சொல்கிறேன்.

திங்கட்கிழமை மதிப்பெண் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் மூன்றையும் எடுத்துக்கொண்டு வாருங்கள், பாலிடெக்னிக் விண்ணப்பத்தை இங்கேயே நிரப்பிவிடலாம். அதற்குமுன் ஒரு வேலை இருக்கிறது. மாமனுக்குப் பதில் சொல்ல வேண்டும். அதை அம்மணியின் தலையில் கட்டாதீர்கள். அவர் அக்காவின் தம்பி. ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்கு அக்கா போய், பணம் வேண்டாம் என்று தன் வாயால் சொல்லிவிட்டு வரட்டும்.