பித்தக்குழாயில் கல்: இன்னொரு ஸ்கேன் எதற்கு?

கேள்வி: அம்மாவுக்கு 58 வயது. வலது விலாவுக்குக் கீழே வலி, கண் மஞ்சள், உடம்பெல்லாம் அரிப்பு. அல்ட்ராசவுண்டில் பித்தப்பையில் கற்கள் தெரிந்தன, பித்தக்குழாய் 9 மி.மீ. விரிந்திருக்கிறதாம். ரத்தத்தில் பிலிரூபின் (காமாலையில் கூடும் மஞ்சள் நிறமி) 3.2. குழாயில் கல் என்று ரிப்போர்ட்டில் இல்லை. ஆனாலும் டாக்டர் எம்.ஆர்.சி.பி. (காந்தத்தால் பித்தக்குழாயைப் படமெடுக்கும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன்) எடுக்கச் சொல்கிறார். அவசியமா? கீழாநெல்லி கொடுத்தால் போதும் என்கிறார்கள் வீட்டில்.
- வாசகி, ஈரோடு

பதில்: அவசியம்தான், தள்ளிப்போடாமல் எடுத்துவிடுங்கள். பித்தப்பைக் கல்லை அல்ட்ராசவுண்ட் கிட்டத்தட்ட தவறவே விடாது, ஆனால் பித்தக்குழாயின் கீழ்முனை சிறுகுடலுக்குப் பின்னால் போய்விடுவதால் அங்கே இருக்கிற கல்லை அது அடிக்கடி விட்டுவிடும். ரிப்போர்ட்டை இன்னொரு முறை பாருங்கள், குடல் வாயு மறைத்ததால் கீழ்ப்பகுதி தெரியவில்லை என்று ஒரு வரி இருக்கலாம். குழாய் சாதாரணமாக 6 மி.மீ. அளவில் இருக்கும், வயதானால் கொஞ்சம் கூடும். 9 மி.மீ. விரிவு, கூடவே காமாலையும் என்றால் ஏதோ அடைத்திருக்கிறது என்றுதான் சந்தேகப்பட வேண்டும். கல்தானா, கணையத்தில் கட்டியா, அதுவும் தெரிய வேண்டும்.

சரி, நேராக ஈ.ஆர்.சி.பி. செய்துவிடலாமே என்று சிலர் கேட்பார்கள். வாய் வழியாகக் குழாய் விட்டுக் கல்லை எடுக்கிற சிகிச்சை அது, சிலருக்கு அதன்பின் கணைய அழற்சி வந்துவிடுகிறது, அதனால் வெறுமனே பார்ப்பதற்காக அதைச் செய்வதில்லை. சி.டி.யிலோ கொலஸ்ட்ரால் கற்கள் பல நேரம் பித்தநீரோடு கலந்து தெரியாமலே போகும். எம்.ஆர்.சி.பி.யில் கதிர்வீச்சு கிடையாது, பெரும்பாலும் ஊசிமருந்தும் தேவையில்லை. பித்தநீர் பளிச்சென்று வெள்ளையாகவும் கல் அதற்குள் கறுப்பாகவும் தெரியும். சில இடங்களில் முன்னதாக அன்னாசிச் சாறு குடிக்கக் கொடுப்பார்கள், அதிலுள்ள மாங்கனீசு வயிற்றிலிருக்கும் நீரின் வெள்ளையைக் குறைத்துக் குழாயைத் தெளிவாகக் காட்டும். மிகச் சிறிய கல் இதிலும் தப்பலாம், அப்போது எண்டோஸ்கோப்பி வழியாகவே எடுக்கும் அல்ட்ராசவுண்ட் இருக்கிறது. அம்மாவுக்கு பேஸ்மேக்கர் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கீழாநெல்லி வேண்டாம். அடைப்பால் வந்த காமாலையில் கல் வெளியேறினால்தான் மஞ்சள் இறங்கும், கஷாயம் குடித்துக் காத்திருக்கிற நாளெல்லாம் ஆபத்துதான். குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தாலோ அம்மா சோர்ந்து குழப்பமாகப் பேசினாலோ ஸ்கேன் தேதி வரைக்கும் இருக்காதீர்கள், குழாயில் கிருமி பிடித்திருக்கலாம், நடுராத்திரியானாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள்.