ஓடைக் கல்லைப் புரட்டிப் பாருங்கள்: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: எங்கள் ஏலத்தோட்டங்களுக்கு நடுவே வரும் ஓடையில் இப்போதெல்லாம் நண்டு, தவளைக்குஞ்சு எதுவும் கண்ணில் படுவதில்லை. தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து லேபில் கொடுத்தோம். பி.எச்., டி.டி.எஸ். எல்லாம் சரி என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. எதை நம்புவது?
- வாசகர், வண்டன்மேடு

பதில்: உங்கள் கண்ணை நம்புங்கள். ரிப்போர்ட்டும் பொய்யில்லை; பாட்டிலில் பிடித்த அந்த நேரத்துத் தண்ணீரை மட்டும் அது சொல்கிறது. அதிலும் அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச்., கரைந்த உப்பைக் காட்டும் டி.டி.எஸ். சோதனைகளில் பூச்சிமருந்து தெரியவே தெரியாது. தோட்டத்தில் அடித்த மருந்து மழையோடு ஓடையில் இறங்கி, சில மணி நேரத்தில் கடந்து போய்விடும். லாம்டா சைஹலோத்ரின் போன்ற பைரித்ராய்டு மருந்து லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராமுக்கும் குறைவாக இருந்தாலே நீர்ப்பூச்சிகளைக் கொன்றுவிடும். கல்லுக்கடியில் வாழும் பூச்சியோ மாதக்கணக்கில் அங்கேயே கிடக்கிறது. ஓடைக்கு வந்த கேடு பெரும்பாலும் அதைத் தொடாமல் போகாது. ஆகவே எண்ண வேண்டியது அதைத்தான்.

தோட்டத்துக்கு மேலே ஓர் இடம், கீழே ஓர் இடம் தேர்ந்தெடுங்கள். இரண்டிலும் கல் பரவி, முழங்கால் ஆழத்துக்குள், தண்ணீர் சலசலத்து ஓட வேண்டும். நிழலும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கட்டும். ஒன்றில் மடுவையும் மற்றொன்றில் ஓட்டத்தையும் எடுத்தால் ஒப்பீடே கெட்டுவிடும். சுத்தமான ஓடையிலும் மடுவில் மண்புழு போன்ற புழுக்களே மிகுதி. கீழ் இடத்தை முதலில் முடித்துவிட்டு மேலே போங்கள். மேலே முதலில் கலக்கினால் பூச்சி அடித்துக்கொண்டு கீழே வந்து கணக்கைக் குழப்பும்.

வலைக்கு அரை மில்லிமீட்டர் கண் போதும். கொசுவலையின் கண் பெரிது, சின்னப் பூச்சிகள் நழுவிவிடும். வலையின் வாயை நீரோட்டத்துக்கு எதிராக, அடிவிளிம்பு தரையில் ஒட்டும்படி வையுங்கள். அதற்கு முன்னால் நின்று காலால் கற்களைக் கிளறுங்கள். நாலைந்து இடங்களுக்குப் பிரித்து மொத்தம் 3 நிமிடம். பிறகு சில கற்களை எடுத்து வலைக்கு முன்னால் கையால் தேய்த்துவிடுங்கள். வலையில் விழுந்ததை ஓரங்குலத் தண்ணீர் விட்ட வெள்ளை டிரேயில் கொட்டிப் பொறுமையாகக் காத்திருங்கள். முதலில் சருகும் மண்ணும்தான் தெரியும்; சற்று நேரத்தில் சருகே நடக்க ஆரம்பிக்கும். ஐஸ் டிரேயின் குழிகளில் வகை வகையாகப் பிரித்து எண்ணிவிட்டு, உயிரோடு ஓடையிலேயே விட்டுவிடுங்கள்.

மருந்துக்கும் சாக்கடைக்கும் அடையாளம் வேறு. மருந்து பட்ட இடத்தில் பூச்சியும் நண்டும் போய், நத்தையும் மண்புழு போன்ற புழுவும் மட்டும் மிஞ்சும். சாக்கடை கலந்த இடத்தில் சிவப்புப் புழுக்கள் (கொசு போன்ற ஒருவகைக் கடிக்காத ஈயின் குஞ்சுகள்) மொய்க்கும், வகை மட்டும் குறைந்துபோகும். உங்கள் கீழ் இடத்தில் நத்தை மட்டும் நிறைய இருந்தால், மருந்து கலக்கும் டிரம்மையும் பம்பையும் யாராவது ஓடையில் கழுவுகிறார்களா என்று முதலில் விசாரியுங்கள். அது உடனே நிறுத்தக்கூடிய தவறு.

கேள்வி: நல்ல பூச்சி, கெட்ட பூச்சி என்று எப்படிப் பிரிப்பது? எல்லாம் ஒரே மாதிரி தெரிகிறது.
- வாசகர், கம்பம்மெட்டு

பதில்: ஸ்டோன்ஃப்ளை, மேஃப்ளை, காடிஸ்ஃப்ளை என்ற மூன்றும் பெரும்பாலும் சுத்தமான நீரை நாடும் பூச்சிகள்; இவற்றின் குஞ்சுகள் கல்லுக்கடியில் வளரும். அடையாளம் காண வாலையும் செவுளையும் பாருங்கள். ஸ்டோன்ஃப்ளைக் குஞ்சுக்கு இரண்டே வால், காலின் நுனியில் இரண்டு நகம். செவுள் இருந்தால் பெரும்பாலும் கால் இடுக்கில் குஞ்சம்போல் தொங்கும். மேஃப்ளைக் குஞ்சுக்குப் பெரும்பாலும் மூன்று வால், காலுக்கு ஒரே நகம், செவுள் வயிற்றின் இரு பக்கமும் இலைபோல் அசையும். வால் உடைந்த குஞ்சு நிறையக் கிடைக்கும், அதனால் வாலை மட்டும் நம்பாதீர்கள். காடிஸ்ஃப்ளைப் புழுவின் வால் நுனியில் இரண்டு கொக்கி இருக்கும். சில வகை மணலையும் குச்சியையும் ஒட்டிக் கூடு கட்டும், அதைக் குப்பை என்று எறிந்துவிடாதீர்கள்.

நீர்ப்பூச்சிகளைக் கொண்டு தண்ணீரின் தரத்தைக் கணிக்க இங்கிலாந்தில் உருவான பி.எம்.டபிள்யூ.பி. மதிப்பெண் முறையில், மாசைத் தாங்காத பூச்சிக்கு மதிப்பெண் அதிகம்: பெரும்பாலான ஸ்டோன்ஃப்ளைக் குடும்பங்களுக்கும் தட்டையுடல் மேஃப்ளைக்கும் 10, வலை கட்டும் காடிஸ்ஃப்ளைக்கு 5, அட்டைக்கு 3, சிவப்புப் புழுக் குடும்பத்துக்கு 2, மண்புழு இனத்துக்கு 1. ஒரு குடும்பத்துக்கு ஒருமுறைதான் மதிப்பெண், நூறு பூச்சி கிடைத்தாலும் சரி. கூட்டிக் குடும்ப எண்ணிக்கையால் வகுத்துச் சராசரி எடுங்கள். இதே வழியில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நம் நாட்டுக்கென்று வகுத்த அளவுகோலில் சராசரி 7-உம் அதற்கு மேலும் இருந்தால் சுத்தமான நீர். ஒற்றை எண்ணைவிட, மேல் இடத்துக்கும் கீழ் இடத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்களுக்குப் பயன்படும்.

கேள்வி: பூச்சிக் கணக்கை எந்த மாதம் எடுக்கலாம்?
- வாசகர், கூடலூர் (தேனி)

பதில்: ஜனவரி முதல் மார்ச் வரை. வெள்ளம் வந்திருந்தால் குறைந்தது இரண்டு வாரம் பொறுங்கள். அடுத்த வருடமும் அதே இடம், அதே மாதம்.

கேள்வி: ஸ்டோன்ஃப்ளை இருந்தால் தண்ணீரைக் குடிக்கலாமா?
- வாசகி, குமுளி

பதில்: கூடாது. மலக்கிருமியைப் பற்றிப் பூச்சி எதுவும் சொல்லாது. அதற்குக் கோலிஃபார்ம் சோதனை தனி. கொதிக்க வைத்தே குடியுங்கள்.

கேள்வி: வயலை ஒட்டிய ஓடையில் மதியம் கரைந்த ஆக்சிஜன் 10 காட்டுகிறது. ஆனால் விடிகாலையில் மீன் செத்து மிதக்கிறது. கருவி கெட்டுவிட்டதா?
- வாசகர், செங்கோட்டை

பதில்: பெரும்பாலும் கருவி சரியாகத்தான் இருக்கும், அளந்த நேரம்தான் தவறு. 30 டிகிரி வெப்பத்தில் தண்ணீர் இயல்பாகத் தாங்குவது லிட்டருக்கு சுமார் 7.5 மில்லிகிராம். அதைத் தாண்டி 10 வருகிறதென்றால் பாசி மிதமிஞ்சி வளர்ந்திருக்கிறது. வயல் உரம் இறங்கியிருக்கலாம். வெயிலில் ஆக்சிஜனைத் தரும் அதே பாசி, இரவெல்லாம் அதை இழுத்துக்கொள்ளும். சூரியன் எழுவதற்கு முன் அளந்து பாருங்கள். 4-க்குக் கீழே போனால் மீன் பிழைப்பது கடினம்.

சந்தேகம் தீர, ரசாயனம் சேர்த்துக் கரைந்த ஆக்சிஜனை அளக்கும் விங்க்லர் முறையில் ஒருமுறை சரிபாருங்கள். பாட்டிலில் காற்றுக்குமிழி நுழையக் கூடாது. மாங்கனீசு சல்பேட்டையும் கார அயோடைடையும் ஓடைக்கரையிலேயே சேர்த்துவிட வேண்டும். வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தால் அளவு மாறியிருக்கும். பழுப்பாகப் படிந்தால் ஆக்சிஜன் இருக்கிறது. வெள்ளையாகவே நின்றால் துளியும் இல்லை.