கடலுக்குப் போனால் வீணா?

கேள்வி: மேட்டூர் நிரம்பினால் போதும், 'கொள்ளிடத்தில் இத்தனை டி.எம்.சி. தண்ணீர் வீணாகக் கடலில் கலந்தது' என்று செய்தி வந்துவிடுகிறது. கடலில்தான் ஏற்கெனவே தண்ணீர் கிடக்கிறதே, ஆற்றுத் தண்ணீரால் அதற்கு என்ன லாபம்?
- கும்பகோணம் வாசகர்

பதில்: தண்ணீர் கிடக்கிறது, சரி. சாப்பாடு? வெயில் படுகிற மேல்மட்டத்தில் மிதக்கும் நுண்பாசிகள்தான் கடலுக்குப் புல், நெல் எல்லாமே. அவை வளர நைட்ரேட், பாஸ்பேட், சிலிக்கேட் என்று உரம் வேண்டும், அதை வண்டலோடு சுமந்து வந்து கரையோரக் கடலில் கொட்டுவது புதுவெள்ளம்தான். பாசியைக் கூடவே மிதக்கும் குட்டி உயிரினங்கள் தின்னும், இரண்டையும் மத்தி தின்னும், மத்தியைத் துரத்திக்கொண்டு பெரிய மீன் வரும்.

ஆறு நின்றால் என்ன ஆகும் என்பதை எகிப்து பார்த்துவிட்டது. முன்பெல்லாம் வருடாவருடம் ஆகஸ்ட் வாக்கில் நைல் பெருகும், கழிமுகத்துக்கு வெளியே மத்தியதரைக் கடல் பாசியால் நிறம் மாறும், மத்திக் கூட்டம் மொய்க்கும், வலைக்காரர்களுக்கு அதுதான் அறுவடைக் காலம். 1962-இல் ஏறக்குறைய 18,000 டன் மத்தி பிடித்தார்கள். 1964-இல் அஸ்வான் உயர் அணை தண்ணீரைத் தேக்கத் தொடங்கியது. 1968-இல் பிடிபட்டது ஆயிரம் டன்கூட இல்லை! 1980-களுக்குப் பிறகு மீன் திரும்பி வந்ததும் உண்மைதான், ஆனால் அதற்கு உரம் கொடுத்தது பெரும்பாலும் வயல்களின் வடிகாலும் நகரங்களின் சாக்கடையும் (அந்த வைத்தியம் நமக்கு வேண்டாம்).

உரம் மட்டும் என்றும் நினைக்காதீர்கள். வெள்ளை இறால் கடலில் முட்டையிடும், குஞ்சுகள் உப்பு குறைந்த முகத்துவாரத்துக்குள் வந்து வளர்ந்து மறுபடி கடலுக்குப் போகும். உள்ளம் மீனோ நேர்மாறு, கடலில் வாழ்ந்துவிட்டு முட்டையிட ஆறேறி வரும், வழியில் அணை நின்றால் அதோடு சரி. பிச்சாவரம் அலையாத்திக் காடும் நல்ல தண்ணீர் வந்து கலக்காவிட்டால் உப்பேறித் தேய்ந்துபோகும்.

அணையே கூடாது என்று நான் சொல்லவில்லை, குறுவைக்குத் தண்ணீர் இல்லாத வருடம் எப்படி இருக்கும் என்று கும்பகோணத்துக்காரருக்கா நான் சொல்ல வேண்டும்? அப்புறம், கொள்ளிடம் கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்திலேயே பழையாறு மீன்பிடித் துறைமுகம் இருக்கிறது. அந்த 'வீண்' கணக்கை ஒருதரம் அங்கே போய்க் கேட்டுப் பாருங்கள்.