பௌலிங் பந்தை விட்டதும் தடுமாறுவது ஏன்?

கனமான பந்தை உருட்டி, எதிர்முனையில் நிற்கும் 'பின்' என்ற கட்டைகளை வீழ்த்தும் பௌலிங் ஆட்டத்தில், பந்தை விட்டதும் வலப்பக்கம் சாய்ந்து, ஒரு எட்டு தள்ளி வைக்க வேண்டியிருக்கிறது என்கிறீர்கள். வலது கைக்காரர் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

12 பவுண்டு பந்து என்றால் கிட்டத்தட்ட ஐந்தரைக் கிலோ. அது வலப்பக்கம் தொங்கினால் உடம்பும் கூடவே போகத்தான் பார்க்கும். ராயபுரம் பக்கம் ஒரு கையில் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிப் போகிறவர்கள் மறு கையை விரித்துக்கொண்டு நடப்பார்களே, அதே கணக்குதான். இடது கை பக்கவாட்டில் விரிய வேண்டும். இடது கால் வழுக்கி நிற்கும்போது முட்டி நன்றாக மடங்கியிருக்கணும். வலது கால் பின்னால் இடப்பக்கமாகக் குறுக்கே போகணும். அதுதான் எதிர் எடை, இடுப்பு ஒதுங்கிப் பந்துக்கு வழியும் கிடைக்கும்.

பலர் கோட்டை விடுவது முட்டியில்தான். எத்தனை பின் விழுகிறது என்று பார்க்கிற ஆசையில் பந்தை விடும்போதே நிமிர்ந்துவிடுவார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். முதல் பின் 60 அடி தள்ளி இருக்கிறது. பந்து போய்ச் சேரும்வரை சிலை மாதிரி நில்லுங்கள். நிற்க முடியவில்லையா? கடைசி எட்டில் அவசரப்படுகிறீர்கள், இல்லையென்றால் பந்து உங்களுக்கு கனம்.

வீட்டிலேயே பழகலாம். சாக்ஸ் போட்டுக்கொண்டு, பந்தில்லாமல், மொசைக் தரையில் வழுக்கி நின்று ஐந்து எண்ணுங்கள். சுவர் பக்கத்தில் வேண்டாம்.