கொட்டிச் சாகும் குளவிக்குப் பரம்பரை ஏது?

அன்புள்ள ஐயா,

நான் உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறேன். அம்மா கொழுந்து பறிக்கும் மலையின் மேல் ஓரத்துக் கருப்பந்தைல மரத்தில் இப்போது மூன்று குளவிக் கூடுகள் தொங்குகின்றன. பூக்காலம் வந்தால் எங்கள் தோட்டத்தில் யாராவது குளவிக் கொட்டுக்கு ஆளாகாமல் இருப்பதில்லை. பிழைத்துப் பிள்ளை பெறும் உயிரின் குணம்தான் அடுத்த தலைமுறைக்குப் போகும் என்று கூர்ப்புப் பாடத்தில் படித்தோம். குளவி கொட்டியதும் செத்துப்போகிறது. அது பிள்ளை பெறுவதும் இல்லை. அப்படியானால் அந்தக் குணம் எப்படிப் பரம்பரையாக வந்தது? ஒன்றை அடித்தால் மற்றதெல்லாம் அடித்தவரைத் தேடிப் பழிவாங்கும் என்று பெரியவர்கள் சொல்வது உண்மையா? மோசமான கூடுகளைக் கொளுத்திக்கொண்டே வந்தால் காலப்போக்கில் சாதுவான இனம் மட்டும் மிஞ்சாதா?

க. ச., மஸ்கெலியா

அன்புள்ள க. ச.,

உங்கள் முதல் கேள்வியில் டார்வினே தடுமாறியிருக்கிறார். 1859இல் வெளிவந்த ‘உயிரினங்களின் தோற்றம்’ நூலில் இயல்பூக்கம் பற்றிய அத்தியாயத்தில், மலட்டு வேலையாட்கள் தன் கோட்பாட்டையே சாய்த்துவிடுவார்கள் என்று முதலில் தோன்றியதாக எழுதுகிறார்.

தோட்டத்தில் நாம் குளவி என்பது பெரும்பாலும் பெருந்தேனீயை, சிங்களத்தில் பம்பரா எனப்படுவதை. உண்மையான குளவியின் கொடுக்கு தோலில் மாட்டிக்கொள்வதில்லை. அது கொட்டிவிட்டுப் பறந்துபோய் மறுபடியும் கொட்டும். ஆகவே நீங்கள் கேட்பது பெருந்தேனீயைப் பற்றித்தான்.

தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிறுவகம் தந்த டி.ஆர்.ஐ. 2025 இனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கிள்ளிய கொழுந்து ஆலைக்குப் போய்த் தூளாகிறது, அதற்குச் சந்ததி கிடையாது. ஆனாலும் அடுத்த தவறணைக்கு, அதாவது நாற்றுமேடைக்கு, எந்தத் தாய்ச்செடியின் தண்டுத்துண்டை வெட்டுவது என்பதைத் தீர்மானிப்பது அந்தக் கொழுந்தின் தரமும் விளைச்சலும்தான். பெருந்தேனீயிலும் தேர்வு அப்படித்தான் நடக்கிறது. கொட்டும் குணத்துக்கான பரம்பரையலகுகள் இராணியிடமும் இருக்கின்றன, அவள் பெறும் ஆண் தேனீக்களிடமும் இருக்கின்றன. இராணியும் வேலையாளும் ஒரே வகை முட்டையிலிருந்து வருகிறவர்கள். குடம்பிப் பருவத்தில் கிடைக்கும் தீனிதான் ஒருத்தியை இராணியாகவும் மற்றவளை வேலையாளாகவும் ஆக்குகிறது. எனவே இராணியில் வெளிப்படாத ஒரு குணம் அவள் மகள்களில் வெளிப்படுகிறது. மகள்கள் செத்துக் கூட்டைக் காத்தால், அந்தக் கூட்டிலிருந்து ஆண்களும் புது இராணிகளும் பறக்கிறார்கள். காக்கத் தவறிய கூட்டிலிருந்து எதுவும் பறப்பதில்லை.

பாடப்புத்தகம் இந்த இடத்தில் உங்களுக்கு முக்கால் கணக்கைச் சொல்லியிருக்கும். ஆண் தேனீ கருக்கட்டாத முட்டையிலிருந்து வரும் ஒருமடியம், அதாவது ஒரு தொகுதி நிறமூர்த்தங்கள் மட்டும் கொண்டது. அதனால் ஒரே தந்தையின் மகள்கள் தமக்குள் 3/4 பங்கு பரம்பரையலகுகளைப் பகிர்கிறார்கள். சொந்த மகளோடு பகிர்வது 1/2 தான். ஆகவே பிள்ளை பெறுவதை விடத் தங்கையைக் காப்பது லாபம் என்பது அந்தக் கணக்கு. உயிரியலாளர் ஹமில்டன் 1964இல் எழுதிய கட்டுரைகளிலிருந்து வந்தது. அழகான கணக்குத்தான், ஆனால் பெருந்தேனீக்கு அப்படியே பொருந்தாது. அதன் இராணி பல டஜன் ஆண்களோடு சேர்கிறாள். நாற்பது தந்தையர் சமமாகப் பங்களித்தார்கள் என்று வைத்துக்கொண்டு போட்டுப் பாருங்கள். தாய்வழியில் 1/4, தந்தைவழியில் 1/2 × 1/40, கூட்டினால் ஏறத்தாழ 0.26. முக்கால் எங்கே, கால் எங்கே!

அப்படியிருந்தும் அவள் ஏன் தனக்கென முட்டையிடப் போவதில்லை? வேலையாள் சேர்க்கை செய்வதில்லை. அவளால் இட முடிந்தது கருக்கட்டாத, ஆணாக மாறும் முட்டை மட்டும். அதையும் சகோதரிகள் விட்டுவைக்கமாட்டார்கள். ஐரோப்பியத் தேனீயில் ரட்நீக்ஸும் விஷரும் 1989இல் வெளியிட்ட சோதனையில், வேலையாட்கள் இட்ட முட்டைகள் ஒரு நாளுக்குள் ஏறக்குறைய முழுவதும் தின்று தீர்க்கப்பட்டன. இராணி இட்டவற்றில் பாதிக்கு மேல் தப்பின. இதற்கும் கணக்கு உண்டு. இராணியின் மகன் எனக்குச் சகோதரன், 1/4. வேறு தந்தைக்குப் பிறந்த சகோதரியின் மகன் எனக்கு 1/8. நான் எந்த முட்டையை வளர்க்கவிடுவேன்? இப்படி ஒருத்தியை மற்றவர்கள் காவல் காக்கும்போது எல்லாருக்கும் சொந்தப் பிள்ளை வழி அடைபடுகிறது. பிறகு எந்த வேலையாளின் பரம்பரையலகுக்கும் அடுத்த தலைமுறைக்குப் போக மிஞ்சும் ஒரே வாசல் தாய். சில வார ஆயுளில் கடைசிக் கட்டத்தில் இருக்கும் ஓர் உடலை அந்த வாசலில் செலவழிப்பது பெரிய நட்டமில்லை. தியாகம், வீரம் என்றெல்லாம் இதற்குப் பெயர் சூட்டும் கட்டுரைகளைப் படித்தால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான் வரும்.

கொடுக்கின் அமைப்பைப் பார்த்தால் அது யாருக்காக உருவானது என்றுகூடச் சொல்லலாம். பின்நோக்கிய முட்கள் நம் தோல்போல இழுபடும் தோலில்தான் கொளுவிக்கொள்கின்றன. இன்னொரு பூச்சியைக் கொட்டும்போது பெரும்பாலும் கழன்று வந்துவிடும், தேனீ சாகாது. முலையூட்டியையோ பறவையையோ கொட்டும்போதுதான் நஞ்சுப்பையும் தசையும் கடைசி நரம்புத் திரட்டும் பிய்ந்து தோலிலேயே தங்குகின்றன. அந்தத் திரட்டு தன்பாட்டில் தசையை இயக்க, தேனீ போன பின்னும் நஞ்சு இறங்கிக்கொண்டிருக்கும். பெரும்பகுதி முதல் 20 விநாடியில் இறங்கிவிடும். ஆகவே கொடுக்கைக் கிள்ளக்கூடாது, சுரண்டத்தான் வேண்டும் என்று வாதாடிக்கொண்டிருப்பதில் பயனில்லை. எப்படியாவது உடனே எடுக்க வேண்டும்.

பூச்சி எதிரிக்கு அவை வேறு வித்தை வைத்திருக்கின்றன. பெரிய குளவி கூட்டை நெருங்கினால் அடையை மூடியிருக்கும் தேனீத் திரை வயிற்றைத் தூக்கித் தூக்கி அலையடிக்கும். ஒரு விநாடிக்குள் அலை திரை முழுவதும் ஓடிவிடும், குளவி விலகிப் பறக்கும். யாரும் கொட்டவும் இல்லை, சாகவும் இல்லை. தூரத்திலிருந்து பார்த்தால் உங்களுக்கே தெரியும். யாரும் கற்றுக்கொடுக்காத இரண்டு இயல்பூக்கங்கள், இரண்டு வகை எதிரிக்கு.

இனிப் பழிவாங்கும் கதை. பெரியவர்கள் கண்டது சரி, சொல்லும் காரணம்தான் பிழை. கொட்டும்போதும் நசுங்கும்போதும் அபாயப் பெரோமோன், அதாவது மற்றத் தேனீக்களுக்கு ஆபத்தை அறிவிக்கும் வாசப்பொருள், வெளியாகிறது. அதிலுள்ள ஐசோபென்டைல் அசிட்டேட்டுக்குப் பழுத்த வாழைப்பழ வாசம். பெருந்தேனீயில் அதைவிட மெதுவாக ஆவியாகும் இன்னொரு சேர்மமும் உண்டு, அது துணியில் தங்கிவிடும். அதனால் முதலில் கொட்டு வாங்கியவர், அல்லது ஒன்றைக் கையால் அடித்து நசுக்கியவர், அடையாளம் இடப்பட்டவராகிறார். அவர் முகத்தை எந்தத் தேனீயும் நினைவு வைத்துத் தேடவில்லை, அவர் உடுப்பின் வாசத்தைத் தேடுகிறது.

எல்லாத் தேனீயும் ஒரே நேரத்தில் பொங்கிவிடுவதும் இல்லை. எவ்வளவு தூண்டினால் பாயும் என்ற எல்லை ஒவ்வொன்றுக்கும் வேறு. இதிலும் பரம்பரையலகுக்குப் பங்கு உண்டென்று ராபின்சனும் பேஜும் 1988இல் தேனீக் கூட்டங்களில் காட்டினார்கள்: ஒரே கூட்டில் சில தந்தையரின் மகள்கள் காவலுக்கும், வேறு சில தந்தையரின் மகள்கள் பிணம் அகற்றுவதற்கும் அதிகமாகப் போகிறார்கள். பல தந்தையர் இருப்பதன் பயன் இப்போது விளங்கும். எளிதில் சினக்கும் சிலர் முதலில் பாய்வார்கள். வாசம் ஏற ஏற மந்தமானவர்களும் சேர்வார்கள். மலையில் இந்தத் தொடரை ஆரம்பித்து வைப்பது பல வேளைகளில் மனிதர்கூட அல்ல, தேன்பருந்து. அதன் முகத்தைச் செதில் போன்ற இறுக்கமான சிறகுகள் மூடியிருக்கும். அது அடையைப் பிய்த்துக்கொண்டு போகும், கீழே கொழுந்து பறிப்பவர்கள் கொட்டு வாங்குவார்கள்.

அப்போது செய்ய வேண்டியது: கூடையை அங்கேயே போட்டுவிட்டு, முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு, நிற்காமல் கூட்டிலிருந்து விலகி ஓடுவது. கதவு மூடக்கூடிய கட்டிடமோ வாகனமோ நல்லது. கை வீசக் கூடாது. தண்ணீரில் குதித்தால் மூச்சுக்குத் தலை தூக்கும்வரை அவை மேலே சுற்றும். தப்பிய பின் கொடுக்குகளை எடுத்து, உடுப்பை மாற்றி, உடம்பைக் கழுவ வேண்டும். மூச்சுத் திணறலோ தொண்டை வீக்கமோ தலைச்சுற்றலோ வந்தால் ஒரே கொட்டு என்றாலும் அவசரம், அட்ரினலின் தேவைப்படும். டஜன் கணக்கில் கொட்டு வாங்கியவர் நன்றாக இருப்பதுபோலத் தெரிந்தாலும் வைத்தியசாலையில் இருக்க வேண்டும்: தசையும் செங்குருதிக் கலங்களும் சிதைந்து சிறுநீரகம் பழுதாவது ஓரிரு நாள் கழித்துத்தான் தெரியவரும். சிறுநீர் கறுத்தால் அதுதான் அறிகுறி.

கொளுத்தும் யோசனைக்கு வருகிறேன். கொள்கையளவில் நீங்கள் சொன்னது நடக்கக்கூடியதே. ஆபிரிக்கத் தேனீ 1956இல் பிரேசிலுக்குக் கொண்டுவரப்பட்டு, மறுவருடம் தப்பிப் பரவியது. அதையும் ஐரோப்பியத் தேனீயையும் கலந்து வளர்த்து, கொட்டும் குணத்தோடு தொடர்புள்ள நிறமூர்த்தப் பகுதிகளை 1998இல் அடையாளம் கண்டார்கள். அதே வம்சம் 1990களில் புவேர்ட்டோ ரிக்கோத் தீவுக்குப் போய், இருபது ஆண்டுகளுக்குள் சாதுவாகிவிட்டது. நெரிசலான தீவில் மூர்க்கமான கூடுகளை மக்கள் அழித்து வந்தது ஒரு காரணமாயிருக்கலாம் என்கிறார்கள்.

ஆனால் மஸ்கெலியாவில் அது நடக்காது. முதலாவது, தேர்வு வேலை செய்யச் சாதுவான கூட்டை விட்டு மூர்க்கமானதை மட்டும் அழிக்க வேண்டும். தோட்டத்தில் கைக்கெட்டியது எதுவோ அதுதான் எரிகிறது. இரண்டாவது, அது தீவுக்குள் அடைபட்ட கூட்டம், இது பூவைத் தேடித் தாழ்நிலத்துக்கும் மலைக்கும் இடம்பெயரும் கூட்டம். உங்கள் மலையில் நாலு கூட்டை அழித்தாலும், வேறெங்கோ வளர்ந்த ஆண்களோடு மற்ற இராணிகள் சேர்ந்துவிடுவார்கள். மூன்றாவது, தேன்பருந்து எதிர்த்திசையில் தேர்ந்துகொண்டே இருக்கிறது. சாதுவான கூட்டை அது விட்டுவைக்காது.

கொளுத்துவது ஆபத்தும்கூட. பெருந்தேனீ நிலவொளியில் பறக்கும், இருட்டில் தீப்பொறியைப் பின்தொடர்ந்து கீழே இறங்கும். தேன் எடுப்பவர்கள் இதைத் தெரிந்துதான் நிலவில்லாத இரவில் பந்தத்தைத் தட்டிப் பொறி உதிர்க்கிறார்கள். பழக்கமில்லாதவர் பந்தத்தோடு மரத்தடியில் நின்றால் அவை இறங்குவது அவர் மேல்தான்.

ஒரு கூட்டம் போன மரத்துக்கே அடுத்த பூக்காலத்தில் திரும்பி வருவதை மரபணு அடையாளம் வைத்து உறுதிசெய்திருக்கிறார்கள். ஆகவே அந்தக் கருப்பந்தைல மரத்துக்கு இப்போதே பெயின்ட் அடித்து அடையாளம் வைக்கச் சொல்லுங்கள். கூடு இருக்கும் நாட்களில் அதன் கீழுள்ள தேயிலை நிலத் துண்டைக் கொழுந்துக்கு விடாமல் கங்காணி தள்ளிவைக்கலாம். பூ முடிந்து கூட்டம் கிளம்பியதும் அந்தத் துண்டுக்கு ஆள் போடலாம்.